பின்னால் வந்த பேருந்து

1

ஜனவரி முதல் தேதி, இந்திய நேரம் பிற்பகலில் வந்த வாட்ஸப் செய்தி இது. எழுத்துப்பிழைகளைத் திருத்தியதைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை.

“அண்ணி, ஹாப்பி நியூ இயர். இவரு இன்னிக்கு சர்ச்சுல எழுந்து நின்னு சொல்லிட்டாரு. நீங்க ஏப்ரல்ல ஓடி முடிக்கிற அன்னிக்கே ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய நிறுத்திடுவாராம். ஆண்டவர் சொகம் குடுத்துட்டாராம். யாரு சொன்னாலும் கேக்கல. தயவுசெஞ்சு நீங்க ஓடாதீங்க. நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

எழுதியவள் செல்வி, என் தம்பி சாமுவேலின் மனைவி. அவர்கள் இருப்பது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில். நான் பர்மிங்காமில். இங்கே வந்து இருபது வருடங்களுக்கு மேலாகியும் ஊரில் எல்லோருக்கும் நான் ‘லண்டன் அக்கா’தான். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

செய்தி வந்தபோது இங்கே காலை. பூங்காவில் ஓடிவிட்டு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு காலில் ஷூ, மறு காலில் ஈரமான சாக்ஸ். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சாமுவுக்குச் சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. முப்பது வயதைத் தாண்டியபோது வேலூரில் உலோக வால்வு வைத்தார்கள். அறை அமைதியாக இருந்தால் அவன் நெஞ்சுக்குள் அது டிக் டிக்கென்று அடிப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க ஆயுள் முழுவதும் தினம் மாத்திரை போட வேண்டும். நிறுத்தினால் கட்டி எப்போது வரும், எங்கே போய் அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில சமயம் ஒன்றும் ஆகாமல் வாரக்கணக்கில்கூட ஓடலாம். எனக்குப் பெரிய பயம் அதுதான். ஒன்றும் ஆகாத அந்த வாரங்களை அவன் அற்புதம் என்று எண்ணிவிடுவான்.

நான் மராத்தான் பந்தயத்தில் ஓடப் பெயர் கொடுத்ததே இந்த மாத்திரைக்காகத்தான். கீழ்பென்னாத்தூரில் ஒரு சிறிய மிஷன் மருத்துவமனை இருக்கிறது. சாமுவைப் போல வால்வு மாற்றிக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். மாத்திரை சரியான அளவில் வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். கடலை பறிக்கும் நாளில் கூலியை விட்டுவிட்டு அதற்காக யார் டவுனுக்குப் பஸ் ஏறிப் போவார்கள்? விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அங்கேயே சொல்லிவிடும் கருவி ஒன்றை வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டேன். இங்கே நல்ல காரியத்துக்காகப் பந்தயம் ஓடுகிறவரிடம் தெரிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள். எனக்குப் பிரசங்கம் வராது. சபையில் எழுந்து நின்று பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வயதுக்குப் பிறகும் ஓடக் கால் இருக்கிறது, அதைக் காணிக்கையாகத் தருகிறேன் என்று ஆண்டவரிடம் சொல்லியிருந்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முடிப்பேன் என்றும் சொல்லியிருந்தேன்.

2

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபைகளில் வழக்கம். ஒரு தட்டில் வசனம் அச்சிட்ட சிறு அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். வந்த வசனம்தான் அந்த ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் உனக்குச் சொல்வது. வீட்டுக்குக் கொண்டுபோய் நிலைக்கண்ணாடியில் செருகி வைப்பார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள் பேனா டப்பாவில் வைத்துக்கொள்வார்கள்.

இந்த வருடம் சாமு எடுத்த அட்டையில் ஓடியும் களைத்துப்போகாதவர்களைப் பற்றிய வசனம் வந்திருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற தம்பிக்கு ஓடுகிறவர்களின் வசனம், ஓடப்போவது அக்கா. அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஓடாமல் இருக்க நான் வழி தேடினேன். பந்தயம் நடத்துகிறவர்கள் மருத்துவச் சான்று கேட்டிருந்தார்கள். வேறு யாராயிருந்தாலும் தேறவேண்டும் என்று போவார்கள். நான் தவறவேண்டும் என்று போனேன். அப்பாவுக்கு மாரடைப்பு, தம்பிக்கு வால்வு, எனக்குச் சில நாள் இடது கை மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் அடுக்கினேன். அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, உன் வயதுக்கு அருமையான இதயம் என்று கைகுலுக்கிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி கெட்ட செய்தி என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் அபியிடம் சொன்னேன். அபி சர்ச்சுக்கு வருவதை நிறுத்தி இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது. நான் காரணம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

“மாமாகிட்ட நேரா சொல்லும்மா. ‘நீ செத்துடுவே, எனக்கு பயமா இருக்கு’ன்னு சொல்லு. கடவுளை நடுவுல போடாத.”

“நான் எங்கடி போட்டேன்? அவன்தானே போட்டான்.”

“ரெண்டு பேரும்தான்” என்றாள். அவளுக்குத் தமிழில் கோபம் வராது. அதனால் அந்த வார்த்தை இன்னும் சில்லென்று விழுந்தது.

3

பிப்ரவரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பயிற்சியைக் காரணம் சொன்னேன். சாமு நம்பினான், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டான்.

விடிகாலையில் அவனுடைய ஸ்கூட்டரில் கிரிவலப் பாதைக்குப் போவோம். நான் ஓட, அவன் குளுக்கோஸ் தண்ணீர் பாட்டிலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உருட்டிக்கொண்டு வருவான். பௌர்ணமி இல்லாத நாட்களில் கூட்டம் கம்மி. வெறுங்காலில் நடப்பவர்கள் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். சுடிதாரும் ஷூவுமாக நான் அவர்களைத் தாண்டுவதைப் பார்த்து ஒரு அம்மா நின்றேவிட்டார்.

“ஏம்மா, ஓடியே சுத்துறியா? என்ன வேண்டுதல்?”

“தம்பிக்காகங்க” என்றேன் மூச்சிரைக்க. வேறு வார்த்தை வரவில்லை.

“இவ்ளோ வேகமா போனா சாமி எப்பிடிம்மா கணக்குல ஏத்திக்கும்? மெதுவா போ!”

சாமு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தான். “எங்க அக்கா லண்டன்லேருந்து வந்திருக்குங்க. பிளைட்டு புடிக்கிற வேகம்” என்றான். அவன் சிரிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுவது ஒன்றுதான்: இந்தச் சிரிப்பின் பாதியில் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால்?

மூன்றாம் நாள் நானே பேச்சை எடுத்தேன். செல்வியின் பெயரைச் சொல்லாமல், சர்ச்சில் யாரோ சொன்னதாகச் சொன்னேன்.

“யாரு சொன்னா, செல்வியா?” என்றான். நான் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தேன். “அவ பயந்துக்கினே இருப்பா. நீயுமா அக்கா?”

“பயம்தான்டா. வால்வு அப்படியே இருக்கு, மாத்திரை மட்டும் வேணாமா? அப்ப வால்வையும் கழட்டிடு.”

“அதுக்கு திரும்ப வேலூர் போவணும். லீவு கிடைக்காது” என்று சிரித்தான். பிறகு வண்டியை ஓரம் கட்டினான். சாமுவின் கடை கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், மனு எழுதித் தருவது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கடை வாசலில் நிற்க இடமிருக்காது. அவன் எதைச் சொன்னாலும் அந்தக் கடையிலிருந்துதான் சொல்வான்.

“மனு குடுத்தா என்ன கேப்பாங்க? ரசீது எங்கன்னு கேப்பாங்க. ரசீது இல்லன்னா மனுவே குடுக்கலன்னு அர்த்தம். பன்னெண்டு வருசமா ஆண்டவர்கிட்ட மனு குடுத்துக்கினு இருக்கேன் அக்கா. இந்த வருசம்தான் ரசீது குடுத்தாரு. அந்த அட்டை.”

“ரசீது குடுத்தா மனு வந்து சேந்துச்சுன்னுதான்டா அர்த்தம். வேலை முடிஞ்சுதுன்னு இல்ல. நீயே வர்றவங்ககிட்ட அப்பிடித்தானே சொல்ற?”

பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் கையில் முழங்கைக்குக் கீழே நாவற்பழ நிறத்தில் ஒரு தடம் இருந்தது. மேசை விளிம்பில் இடித்துக்கொண்டானாம். மாத்திரை போடுகிறவர்களுக்கு லேசாக இடித்தாலே அப்படித்தான்.

“தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அத்த முழுங்கும்போது, உன்ன நான் நம்பலைன்னு ஆண்டவர்கிட்ட சொல்ற மாதிரியே இருக்கு. உனக்கு அது தெரியாது. நீ அத்த ஒரு தடவையும் முழுங்கல.”

“நான் ஓடலன்னா?”

“ஓடாம நின்னுட்டா அது உன் அவிசுவாசம். உனக்கும் சேத்து நான் விசுவாசமா இருக்கணும். அன்னிக்கே நிறுத்திடுவேன்.”

“ஓடி, முடிக்க முடியலன்னா?”

இதை அவன் முன்பே யோசித்து வைத்திருந்தான். “நீ முழு மனசா ஓடி, அப்பவும் முடியலன்னா, அது ஆண்டவர் சொல்ற பதில். வேணாம்னு சொல்றாரு. நான் பேசாம மாத்திரைய சாப்புட்டுக்கினு இருப்பேன்.” வண்டியைக் கிளப்பினான். “ஆனா நீ முடிச்சிடுவ. சின்ன வயசுலேருந்து நீ எத்த முடிக்காம வுட்ருக்க?”

மலை எங்கள் வலது பக்கம் இருந்தது. மீதித் தூரத்தை நான் ஓடினேன். முடிக்கக்கூடாது, ஆனால் முழு மனதாக முடிக்காமல் போகவேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

4

பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். மாடியில் வாடகைக்கு எடுத்த ஹாலில் நாற்காலிகளைத் தானே அடுக்கிக்கொண்டிருந்தார். இளைஞர். கெட்டவர் இல்லை.

“ஸ்தோத்திரம் சிஸ்டர். நான் மாத்திரைய நிறுத்துன்னு சொல்லவே இல்லீங்க. அவரா எழுந்து சொல்லிட்டாரு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.”

“நிறுத்தாதன்னு சொல்லலாம் இல்லீங்களா?”

ஒரு நாற்காலியைக் கையில் பிடித்தபடி நின்றார். “எல்லாரும் அல்லேலூயா சொல்லிட்டாங்க சிஸ்டர். அதுக்கப்புறம் நான் வேணாம்னு சொன்னா, பாஸ்டருக்கே விசுவாசம் இல்லன்னு ஆயிடும். தனியா சொல்லிப் பாத்தேன். ‘நீங்க போன வாரம் பிரசங்கம் பண்ணத நம்புறீங்களா இல்லையா’ன்னு கேட்டாரு. என்னத்த சொல்றது?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்றார். எதைக் கேட்டு ஜெபிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நானும் ஜெபித்தேன். பர்மிங்காம் திரும்பிய பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, என் முழங்கால் பிசகட்டும் என்று கேட்டேன். நடைபாதையில் உறைந்த பனியைப் பார்த்தால் அதன் மேலேயே மிதித்தேன். வழுக்கவில்லை. அந்த மார்ச்சில் இருந்த பலம் என் கால்களுக்கு முன்போ பின்போ இருந்ததில்லை. இரவுகளில் விழித்துக்கொண்டு, ஆண்டவர் சாமுவின் பக்கம் நிற்கிறாரோ என்று நடுங்கினேன். அப்படியானால் என் பயம்தான் பாவம். அப்படி இல்லையென்றால் என் பலம் யாரிடமிருந்து வருகிறது?

5

பந்தயம் ஏப்ரலில் ஒரு ஞாயிறு.

சட்டையில் குத்திக்கொள்ள வந்த எண் அட்டையில் பெரிய எழுத்தில் ‘ஆசீர்வாதம்’ என்று அச்சாகியிருந்தது. அது என் அப்பாவின் பெயர். ஊரில் அவர் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நின்றார். இந்த நாட்டு விண்ணப்பம் ஒன்றில் அந்த எழுத்தை விரிக்கச் சொன்னார்கள். அன்று முதல் எல்லா அலுவலகங்களிலும் நான் என் அப்பாவாகத்தான் இருக்கிறேன். சாலையின் இருபுறமும் நின்ற முன்பின் தெரியாத ஜனங்கள் அந்தப் பெயரை வாய்க்கு வந்தபடி உடைத்துக் கூவினார்கள். “ஓடு ஆசிர்! நல்லா ஓடுற வாத்தம்!” இறந்துபோன அப்பாவை ஒரு நகரமே கூப்பிடுவது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவும் பயமாயிருந்தது.

பாதித் தூரம்வரை நன்றாகவே ஓடினேன். ஓடுகிறவர்களின் இடத்தைக் கைபேசியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேங்கிக்காலில் சாமு என் பெயருள்ள புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தெரியும். பாதியைத் தாண்டிய பிறகு தண்ணீர் குடிக்க நடந்தபோது கைபேசி அதிர்ந்தது. செல்வி.

“ஆறு மணி ஆயிடுச்சு அண்ணி. மாத்திரைய எடுத்து மேசை மேல வெச்சிருக்காரு. சாப்புடல. நீங்க முடிச்சதும் ஜன்னலுக்கு வெளிய போட்டுடுவாராம்.”

அதற்குப் பிறகு நான் ஓடினேனா என்று சொல்ல முடியவில்லை. முப்பதாவது கிலோமீட்டர் பக்கத்தில் அபி தடுப்புக்கு வெளியே வாழைப்பழத்தோடு நின்றிருந்தாள். எனக்கு இணையாக வெளியிலேயே நடந்து வந்தாள்.

“அம்மா, நீ ஓடறியா அழறியா?”

“ரெண்டும்.”

“நிறுத்திடு. வீட்டுக்குப் போலாம்.”

“நானா நிறுத்தக்கூடாதுடி. நானா நிறுத்தினா அது செல்லாது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பைத்தியம் பிடித்தவர்களைப் பார்க்கிற பயம் அதில் இருந்தது. கூட்டம் நெருங்கியதும் அவள் பின்தங்கிவிட்டாள்.

மெதுவாக ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து வரும். சாலையை மறுபடி திறந்துவிடும் நேரத்துக்கு ஏற்ற வேகத்தில் அது வரும். அது உங்களைத் தாண்டினால் நீங்கள் நடைபாதைக்குப் போகலாம், அல்லது ஏறிக்கொள்ளலாம். எப்படியும் முடித்தவர்கள் கணக்கில் சேரமாட்டீர்கள். பயிற்சியில் ஓடிய வேகத்தில் ஓடியிருந்தால் அந்தப் பேருந்தை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் முப்பத்தைந்தைத் தாண்டியபோது பின்னால் அதன் எஞ்சின் சத்தம் கேட்டது. இடது தொடை கட்டையாக இறுகியிருந்தது. அது உண்மை. ஓட முயன்றேன், அதுவும் உண்மை. எவ்வளவு முயன்றேன் என்று என்னிடம் நானே கேட்டுக்கொண்டே நடந்தேன். சத்தம் என் முதுகை ஒட்டி வந்தது. தாண்டவில்லை, எனக்காக நின்றது.

கதவு திறந்தது. உள்ளே போர்வை போர்த்திய நாலைந்து பேர். ஓட்டுநர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏறினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். யாரோ சூடான தேநீர் கொடுத்தார்கள். தம்பி பிழைத்தான் என்ற நிம்மதியை எதிர்பார்த்துக் காத்திருந்தேன், அது வரவில்லை. வேறொன்று வந்தது. பதில் சொல்லவேண்டியவர் ஆண்டவர். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பெயரில் நானே பதில் சொல்லிவிட்டேனோ? முடிப்பேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கையும் உடைத்து, அவர் கையெழுத்தையும் நானே போட்டுவிட்டேனோ? தொடையை அழுத்திப் பார்த்தேன். வலித்தது. வலிக்கட்டும், இன்னும் வலிக்கட்டும் என்று அழுத்தினேன்.

6

மருத்துவமனைக்கான கருவிக்குப் பணம் குறையவில்லை. முடித்தால்தான் கொடுப்போம் என்று யாரும் சொல்லவில்லை. மே மாதம் கீழ்பென்னாத்தூருக்குக் கருவி போய்ச்சேர்ந்தது. வரிசையில் நிற்கும் பெண்களின் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். சாமு இதுவரை அங்கே போகவில்லை. கடையில் வேலை ஜாஸ்தி என்கிறான்.

பந்தயத்தன்று பேருந்திலிருந்தே அவனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“புள்ளி நின்னுடுச்சு அக்கா. அப்புறம் வேகமா போச்சு. செல்வி, ‘அண்ணி என்னமா ஓடுறாங்க பாரு’ன்னா. அது பஸ்ஸுன்னு நான்தான் சொன்னேன்.” அவன் குரலில் கோபம் இல்லை. “கால் என்னா ஆச்சு?”

“தொடை புடிச்சுக்கிச்சு.”

“முழு மனசா ஓடினியா?”

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“பஸ் வந்துடுச்சு சாமு” என்றேன்.

ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. செல்வி மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

“சரி” என்றான் கடைசியில். “அவர் வேணாம்னு சொல்லிட்டாரு. இல்ல, வேற யாரோ சொல்லிட்டாங்க. எதுவா இருந்தாலும் சரி.”

“மாத்திரைய போட்டுக்க.”

“போட்டுக்கிறேன். நீ போய் கால்ல ஐஸ் வை.”

செல்வியின் செய்தி சிறிது நேரத்தில் வந்தது. மேசையிலிருந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சொம்பு வைக்கும் சத்தம் கேட்டது. அன்று முதல் தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டுக்கொள்கிறான். முன்பெல்லாம் அவள் எதிரிலேயே போடுவான்.

இதை எழுதுவதற்காக நேற்று அவளிடம் மறுபடி கேட்டேன்.

“மாத்திரை அட்டைய பிரிக்கிற சத்தம் கேக்குது அண்ணி. தண்ணி குடிக்கிற சத்தமும் கேக்குது. முழுங்குறத நான் பாக்கல.”

சத்தம் கேட்டது என்பதற்குச் செல்வி சாட்சி. மாத்திரை உள்ளே போகிறதா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதியாகவில்லை.